வாசகர் கேள்வி பதில்: வெள்ளக்காரன் கோர்ட்டு, போலீசு – குறை சொன்னவங்களுக்கு என்ன பதில் வந்துச்சு?

போன இதழ்ல சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல இருந்த பழைய மத்திய சிறை பத்தி எழுதியிருந்தோம், 1837ல கட்டுனது, 2006ல கைதிங்கள புழலுக்கு மாத்தி 2009ல இடிச்சுட்டாங்க. அதுல போற போக்குல "வெள்ளக்காரன் காலத்துலயே சித்திரவதை பத்தி விசாரிக்க மெட்ராஸ்ல கமிஷன் உக்காந்துச்சு"ன்னு ஒரு வரி போட்டிருந்தோம், அந்த ஒத்த வரிய புடிச்சுக்கிட்டு ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்தையும் போட இடம் பத்தாது. பேர் வேணாம்னு நெறைய பேர் கேட்டதால ஏரியா மட்டும் போட்டு பதில் சொல்றோம்.

கேள்வி: எங்க நைனா ஹார்பர்ல வேலை பாத்தவரு, "வெள்ளக்காரன் இருந்த வரைக்கும் சட்டம் சட்டமா இருந்துச்சு"ன்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. நீங்க என்னடான்னா சித்திரவதை கமிஷன்னு எழுதுறீங்க. அப்படி என்னதான் நடந்துச்சு, கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. – வாசகர், ராயபுரம்

விளக்கமாவே சொல்றேன் ஐயா, இது நம்ம ஊர் கதைதான்.

1854 ஜூலைல லண்டன் பார்லிமெண்ட்ல மெட்ராஸ் மாகாணம் பத்தி பேச்சு வந்துச்சு. வரி கட்ட முடியாத குடியானவனை கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுங்க அடிச்சு உதைச்சு வசூல் பண்றாங்கன்னு சில மெம்பருங்க எழுந்து சொன்னாங்க. கம்பெனி பக்கத்துல இருந்தவங்க அப்படி எதுவும் கிடையாதுன்னு மறுத்தாங்க. ஆனா பேச்சு அடங்கல, பேப்பர்லயும் வந்துருச்சு, வேற வழி இல்லாம கவர்னர் ஹாரிஸ் பிரபு காலத்துல மெட்ராஸ் சர்க்கார் அந்த வருஷம் செப்டம்பர்லயே மூணு பேர் கமிஷன் போட்டாங்க. ஒருத்தர் எலியட், மெட்ராஸ் டவுனுக்கே தலைமை மாஜிஸ்திரேட்டும் போலீஸ் சூப்பரிண்டெண்டும் அவர்தான், பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கு பேர் வந்தது அவரால. இன்னொருத்தர் ஸ்டோக்ஸ்னு ஒரு அதிகாரி. மூணாவது ஜான் புரூஸ் நார்ட்டன்னு ஒரு பாரிஸ்டர், இவர் அதுக்கு முந்துன வருஷம்தான் தென்னிந்தியாவுல கோர்ட்டுங்க நடக்குற லட்சணத்தை கிழிகிழின்னு கிழிச்சு எழுதியிருந்தாரு. குறை சொன்னவரையே கூப்பிட்டு கமிஷன்ல உக்கார வெச்சாங்க, அந்த ஒரு விஷயத்துக்கு சர்க்காரை பாராட்டத்தான் வேணும்.

கமிஷன் முன்னாடி வந்த புகார் மொத்தம் 1,959. நேர்ல வந்தவங்க கொஞ்சம், எழுதி அனுப்புனவங்க நெறைய. ரயில் கிடையாது, கூலி போயிடும், ஊருக்குத் திரும்புனா அதே தாசில்தார் மூஞ்சில முழிக்கணும், அதையெல்லாம் மீறி வந்த எண்ணிக்கை இது.

என்ன பண்ணாங்கன்னா, கிட்டின்னு ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு குச்சிய ஒரு முனைல சேத்துக் கட்டிட்டு, நடுவுல விரலை வெச்சு, எலுமிச்சம்பழம் பிழியுற மாதிரி நசுக்குறது. குச்சியே இல்லாமலும் அதே வலிய குடுக்கலாம்னு கமிஷனே எழுதியிருக்கு, ஆளோட ரெண்டு கை விரலையும் கோத்துக்கச் சொல்லிட்டு சேவகனுங்க ரெண்டு பக்கமும் நெருக்குவானுங்களாம், பிடி வழுக்கக் கூடாதுன்னு மணலைத் தடவிக்குவானுங்களாம். அனந்தால்னு இன்னொண்ணு, தலையையும் காலையும் சேத்துக் கட்டி வளைச்சு வெயில்ல விட்டுடுறது.

ஒரு குடியானவர் சொன்னதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும். மழை பொய்ச்ச வருஷம், வருஷா வருஷம் வரிக் கணக்கு பாக்குற ஜமாபந்தில தள்ளுபடி கேட்டிருக்காங்க, குடுக்கல. வரிய கட்டியே ஆகணும்னு தாசில்தார் நெருக்குனாரு. தெனம் வெயில்ல கொண்டு போய் நிறுத்தி, குனிய வெச்சு, முதுகு மேல கல்லை ஏத்தி, சுடுமணல்ல வெச்சிருந்தாங்க, எட்டு மணிக்கு மேலதான் சோறு திங்க விட்டாங்க, இப்படி மூணு மாசம். நடுவுல கலெக்டர்கிட்ட மனு கொண்டு போனா வாங்கவே மாட்டேன்னுட்டாரு. சரின்னு அந்த மனுவை செஷன்ஸ் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போனா, கோர்ட்டு அதை யாருக்கு அனுப்புச்சு தெரியுமா ஐயா, அதே கலெக்டருக்கு. அப்புறம் செப்டம்பர்ல நோட்டீஸ் வந்துச்சு, இருபத்தஞ்சு நாள்ல சொத்தை ஜப்தி பண்ணி வித்துட்டாங்க. வீட்டுப் பொம்பளைங்களையும் விடலன்னு சொல்லியிருக்காரு, அதை இங்க எழுத எனக்கு கை வரல.

1855 ஏப்ரல்ல ரிப்போர்ட் வந்துச்சு. வரி வசூல்லயும் சித்திரவதை உண்டு, போலீஸ் விசாரணைலயும் உண்டு, ரெண்டும் ஊர் பூரா சர்வசாதாரணம்னு ஒத்துக்கிட்டாங்க. முந்தின வருஷம் "கிடையவே கிடையாது", இந்த வருஷம் "உண்டு". ஆனா அதே ரிப்போர்ட்ல இன்னொண்ணும் எழுதுனாங்க, ஜனங்க கதறுறது எல்லாம் சொந்த நாட்டு ஆளுங்களோட கொடுமைலேர்ந்து காப்பாத்துங்கன்னுதான், ஐரோப்பிய அதிகாரிங்க மேல அவங்களுக்கு மனக்குறை இல்லன்னு. எனக்கு இந்த ரிப்போர்ட்ல மனசு ஆறாத இடம் இதுதான். மனுவை வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்புன கலெக்டர் யாரு? அவரு எந்த ஊர்க்காரரு?

கேள்வி: அடிச்சவன் தாசில்தார், சேவகன், கிராம முன்சீப், எல்லாம் நம்ம ஆளுங்கதான். அதுலயும் பெரிய சாதி, நிலம் வெச்சிருந்தவன். அப்போ ரிப்போர்ட் சொன்னது சரிதானே, எதுக்கெடுத்தாலும் வெள்ளக்காரன் மேலயே பழி போடுறது நியாயமா? – வாசகர், புளியந்தோப்பு

நியாயமான கேள்வி, இதை நான் ஒதுக்க மாட்டேன். அடிச்ச கை நம்மாளு கை, அதுல சந்தேகமே இல்ல, அடி வாங்குனவன் பெரும்பாலும் ஏழை, தாழ்த்தப்பட்ட சாதின்னு வெச்சிருந்தவன், அதுவும் உண்மை. கம்பெனி வர்றதுக்கு முன்னாடியும் அடி இருந்துச்சு.

ஆனா வரி இவ்ளோன்னு முடிவு பண்ணது யாரு, மழை இல்லாத வருஷமும் அதே வரிய கட்டுன்னு சொன்னது யாரு, வசூல் முழுசா வரலன்னா தாசில்தாரை கேள்வி கேட்டது யாரு? ஒரே ஆள் கைல வரி வசூலையும் போலீசையும் சின்னச் சின்ன தண்டனை குடுக்குற அதிகாரத்தையும் சேத்துக் குடுத்தது யாரு? இதெல்லாம் கோட்டைலேர்ந்து வந்த உத்தரவு. புகார் குடுக்குற வழிய அமைச்சதும் அவங்கதான், அந்த வழிதான் என்னைப் பொறுத்தவரைக்கும் மொத்த அமைப்போட உயிர்நாடி. அடி வாங்குனவன் தாலுகாவுலேர்ந்து கலெக்டர் இருக்குற ஊருக்கு நடக்கணும், சாப்பாட்டு செலவு, கூலி நஷ்டம், போய் மனு குடுத்தா "தாசில்தாரைப் பார்க்கவும்"னு வழக்கமா ஒரு குறிப்பு எழுதி திருப்பிக் குடுத்துடுவாங்க. யாரு மேல புகாரோ அவர்கிட்டயே. அப்படியும் தப்பித் தவறி நிரூபிச்சுட்டான்னு வெச்சுக்குங்க, வரி சம்பந்தமான குத்தத்துக்கு கலெக்டர் தானா குடுக்கக் கூடிய தண்டனை அம்பது ரூபா அபராதம், இல்லன்னா ஒரு மாசம் ஜெயில், அவ்ளோதான். அதுக்கு மேல வேணும்னா கிரிமினல் கோர்ட்டுக்கு அனுப்பணும், அது எப்ப முடியும்னு சொல்ல முடியாது. இதெல்லாம் கமிஷன் ரிப்போர்ட்லயே இருக்கு, அவங்களே எழுதி வெச்சதுதான். எழுதிட்டு கடைசில பழியை கீழ இருக்குறவன் மேல இறக்கி வெச்சுட்டாங்க.

1857 செப்டம்பர்ல, வடக்க சிப்பாய் கலகம் நடந்துட்டிருக்குற நேரத்துல, காரல் மார்க்ஸ் இந்த மெட்ராஸ் ரிப்போர்ட்டை எடுத்து வெச்சு நியூயார்க் பேப்பர் ஒண்ணுல கட்டுரை எழுதுனாரு. இந்தியாக்காரன் கொடுமை பண்றான் பாருன்னு இங்கிலாந்தே கூச்சல் போட்டப்ப, நீங்க ஆண்ட லட்சணம் உங்க ரிப்போர்ட்லயே இருக்குதேன்னு கேட்டாரு. நம்ம மாகாணத்து பேர் தெரியாத குடியானவன் சொன்ன சாட்சி அமெரிக்கா வரைக்கும் போயிருக்கு.

ரிப்போர்ட்டால பலனே இல்லன்னும் சொல்ல முடியாது. வரி வசூல் வேற, போலீஸ் வேறன்னு பிரிச்சாங்க, 1859ல மெட்ராஸ் போலீஸ் சட்டம் வந்துச்சு, அதைப் பாத்து 1861ல இந்தியா முழுக்க ஒரு போலீஸ் சட்டம். ஆனா புதுப் போலீஸ் யாருக்கு பதில் சொல்லணும்? மேலதிகாரிக்கு, அவரு சர்க்காருக்கு. ஜனங்களுக்கு பதில் சொல்ற ஏற்பாடு அந்தச் சட்டத்துல எங்கயும் இல்ல.

கேள்வி: சித்திரவதை விஷயத்தை லண்டன் வரைக்கும் கொண்டு போனதுல நம்ம ஜார்ஜ் டவுன்காரர் ஒருத்தருக்கும் பங்கு உண்டுன்னு எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் சொல்லுவாரு. அது யாரு? – வாசகி, வண்ணாரப்பேட்டை

உங்க ஹெட்மாஸ்டருக்கு என் வணக்கத்தை சொல்லுங்கம்மா. அவரு பேரு காஜுலு லட்சுமிநரசு செட்டி, 1806ல பொறந்தவரு, வியாபாரி. அப்ப ஜார்ஜ் டவுனுக்கு கருப்பர் நகரம்னு பேரு. 1844லயே கிரெசன்ட்னு ஒரு பேப்பர் நடத்துனாரு, 1852ல மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் ஆரம்பிச்சு, வரிக் கொடுமை, கோர்ட்டுத் தாமதம் எல்லாத்தையும் எழுதி பார்லிமெண்டுக்கு மனு அனுப்புனாரு. காங்கிரஸ் பொறக்குறதுக்கு முப்பது வருஷம் முன்னாடி நடந்த கதை இது. டான்பி சீமோர்னு ஒரு மெம்பர் 1853ல இங்க வந்தப்ப அவரைக் கூட்டிக்கிட்டு ஜில்லாவுக்குள்ள போய் நெலமைய நேர்ல காட்டுனாரு. அந்த சீமோர்தான் அப்புறம் லண்டன்ல எழுந்து பேசுனவங்கள்ல முக்கியமானவரு.

பின்னாடி சர்க்காரே லட்சுமிநரசுவுக்கு பட்டம் குடுத்துச்சு, 1863ல மெட்ராஸ் சட்டசபைக்கும் நியமிச்சுச்சு. 1868ல செத்தப்ப கைல காசு இல்ல. இந்த ஊர்ல எத்தனையோ பேருக்கு சிலை இருக்கு, இவரு பேரு தெரிஞ்ச பசங்க எத்தனை பேரு? மின்ட் பக்கமோ பாரிஸ் பக்கமோ ஒரு தெருமுனைல இவருக்கு ஒரு பலகையாவது வைக்கணும்னு இந்தப் பகுதி மூலமா மாநகராட்சிகிட்ட கேட்டுக்குறேன்.

கேள்வி: அண்ணா, நான் லா காலேஜ் மூணாவது வருஷம். போலீஸ்கிட்ட குடுக்குற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதுன்னு படிக்குறோம். வெள்ளக்காரன் எதுக்கு தன்னோட போலீசையே நம்பாம இப்படி ஒரு சட்டம் போட்டான்? – வாசகர், வியாசர்பாடி

தம்பி, நீ கேட்டதுக்கு பதில் மேல சொன்ன கதைலயே இருக்கு. போலீஸ் அடிச்சுத்தான் ஒப்புதல் வாங்குதுன்னு கமிஷன், கோர்ட்டு, நிர்வாகம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அடியை நிறுத்துறது கஷ்டம், அதுக்கு ஆள், சம்பளம், கண்காணிப்பு, தண்டனை எல்லாம் வேணும். அதனால அடிச்சு வாங்குனது கோர்ட்ல செல்லாதுன்னு வெச்சுட்டா அடிக்க மாட்டான்னு நெனச்சாங்க. 1861 கிரிமினல் நடைமுறைச் சட்டத்துல மொதல்ல வந்துச்சு, அப்புறம் 1872 சாட்சியச் சட்டத்துல 25, 26ம் பிரிவா உக்காந்துச்சு. இப்ப 2024 ஜூலைலேர்ந்து நடைமுறைல இருக்குற புது சாட்சியச் சட்டத்துல 23ம் பிரிவு. எங்க போலீஸ் அடிக்கும்னு ஒரு அரசாங்கம் சட்டப் புத்தகத்துலயே எழுதி ஒத்துக்கிட்ட இடம்னு இதைப் படி.

ஆனா அந்த 1872 சட்டத்துலயே 27ம் பிரிவுன்னு ஒண்ணு வெச்சாங்க பாரு, சொன்ன தகவலை வெச்சு பொருள் ஏதாவது கெடைச்சா அந்த அளவுக்கு செல்லும்னு. கத்தி கெடைச்சுது, நகை கெடைச்சுதுன்னு இன்னைக்கும் கேஸ் கட்டுல வர்ற அத்தனையும் அந்த வழியாத்தான் வருது, அடிக்கு ஒரு வேலை மிச்சம் வெச்ச வழி அதுன்னுதான் எனக்குத் தோணுது. புது சட்டத்துலயும் அது 23ம் பிரிவுக்குக் கீழயே அப்படியே இருக்கு. பரீட்சைக்கு மட்டும் படிக்காத தம்பி, நாளைக்கு எழும்பூர்லயோ ஜார்ஜ் டவுன் கோர்ட்லயோ நீ நிக்கும்போது பொருளை கைப்பத்துனதா போலீஸ் எழுதுற மகஜர்ல கையெழுத்து போட்ட சாட்சிய நல்லா துருவி குறுக்கு விசாரணை பண்ணு.

கேள்வி: வ.உ.சி. ஜெயில்லேர்ந்து வந்தப்புறம் கொஞ்ச காலம் எங்க பெரம்பூர்ல இருந்தாருன்னு பெரியவங்க சொல்றாங்க. அவருக்கு ரெண்டு ஆயுள் தண்டனை குடுத்ததை லண்டன்லயே யாரும் தப்புன்னு சொல்லலையா? – வாசகர், பெரம்பூர்

சொன்னாங்க, அதுவும் இந்தியாவுக்கே மந்திரியா இருந்தவரு சொன்னாரு. ஆனா வெளில சொல்லல.

1908 ஜூலைல திருநெல்வேலில ஜட்ஜ் பின்ஹே, பேசுனதுக்கு ஒரு இருபது வருஷம், சுப்பிரமணிய சிவாவுக்கு துணையா இருந்ததுக்கு ஒரு இருபது வருஷம், ஆக நாப்பது வருஷம் தீவாந்தர தண்டனை, அதாவது நாடு கடத்துற தண்டனை குடுத்தாரு. கத்தி எடுக்கல, குண்டு வைக்கல, மேடைல பேசுனாரு, கப்பல் ஓட்டுனாரு, அதுக்கு நாப்பது வருஷம். அதோட விடல, அந்த வருஷம் மார்ச்ல நடந்த கலவரத்துக்காக திருநெல்வேலி, தூத்துக்குடில தண்டப் போலீஸ் போட்டு அதுக்கான செலவை ஊர்க்காரங்க தலைலயே வரியா கட்டுனாங்க.

அப்ப இந்தியா மந்திரி ஜான் மார்லி. ராஜத்துரோக கேசுங்கள்ல குடுக்குற இந்த மாதிரி தண்டனைங்களைப் பாத்து கவலையும் திகைப்புமா இருக்குன்னு வைஸ்ராய் மிண்டோவுக்கு அவரு அந்தரங்கமா எழுதுனாரு. ஒழுங்கை காப்பாத்தணும்தான், ஆனா அளவு மீறின கடுமை ஒழுங்குக்குப் போற வழி இல்ல, அது வெடிகுண்டுக்குப் போற வழின்னு எழுதியிருக்காரு. மனசாட்சி உள்ள வார்த்தை. ஆனா பார்லிமெண்ட்ல கேள்வி வந்தா அதே சர்க்கார் அதிகாரிங்களை விட்டுக் குடுக்காமத்தான் பேசுச்சு. ரகசியமா எழுதுன கடுதாசி ஒரு கைதியோட செக்கை நிறுத்துமா? அந்த வருஷம் நவம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டு தண்டனையை குறைச்சுது, அப்படியும் 1912 டிசம்பர் வரைக்கும் உள்ள இருந்தாரு. கோயமுத்தூர் ஜெயில்ல அவரு இழுத்த செக்கு இன்னைக்கும் இருக்கு, போய்ப் பாருங்க. வெளில வந்தவருக்கு வக்கீல் தொழில் பண்ற சன்னது (உரிமம்) இல்ல, கப்பல் கம்பெனி இல்ல, இந்த மெட்ராஸ்ல கடை வெச்சு அல்லாடுனாரு. அதுக்கு எந்த சர்க்காரும் பதில் சொல்லல.

கேள்வி: குறை சொல்லி எழுதுனவங்க புஸ்தகத்தை தடை பண்ணுவாங்களா, இல்ல பதில் சொல்லுவாங்களா? – வாசகர், காசிமேடு

ரெண்டும் நடந்திருக்கு. 1902ல கர்சன் பிரபு போட்ட போலீஸ் கமிஷன், ஃப்ரேசர் தலைமை, ஊர் ஊரா விசாரிச்சு, போலீசுக்கு திறமை பத்தல, பயிற்சி பத்தல, மேல்பார்வை பத்தல, ஜனங்க இவங்களை லஞ்சம் வாங்குறவங்களாவும் கொடுமைக்காரங்களாவும்தான் பாக்குறாங்க, ஜனங்களோட நம்பிக்கைய சுத்தமா இழந்துட்டாங்கன்னு எழுதுச்சு. நம்மாளு எழுதல, சர்க்கார் போட்ட கமிஷனே எழுதுச்சு. 1903ல குடுத்த ரிப்போர்ட் 1905லதான் வெளிய வந்துச்சு, சர்க்காரோட விளக்கத்தையும் கூடவே சேத்து.

அதுக்கப்புறம் மெக்கார்னஸ்னு பார்லிமெண்ட்ல மெம்பரா இருந்த ஒரு வெள்ளைக்கார வக்கீல், இந்திய போலீஸ் அடிச்சு வாக்குமூலம் வாங்குன கேசுங்களை எல்லாம் கோர்ட்டுத் தீர்ப்புங்கள்லேர்ந்தே எடுத்து 1910ல ஒரு சின்ன பிரசுரமா போட்டாரு. இந்தியாவுல அந்தப் பிரசுரத்தை பறிமுதல் பண்ண உத்தரவு போட்டாங்க, அதே வருஷம் வந்த பத்திரிகைச் சட்டத்தை வெச்சு. யோசிச்சுப் பாருங்க, அதுல இருந்தது பிரிட்டிஷ் ஜட்ஜுங்க பிரிட்டிஷ் கோர்ட்ல சொன்ன விஷயம். கோர்ட்ல சொன்னா தீர்ப்பு, அதையே தொகுத்து நூறு பேர் படிக்குற மாதிரி குடுத்தா ராஜத்துரோகம். இங்கிலாந்துல வெச்சுப் படிக்கலாம், இங்க வெச்சிருந்தா குத்தம்.

இன்னொரு வழியும் உண்டு, பதிலே சொல்லாம இழுக்குறது. கேஸ் நடத்துற மாஜிஸ்திரேட்டும் நிர்வாகம் பண்ற கலெக்டரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு 1899ல இங்கிலாந்துலயே ரிட்டையர்டான பெரிய ஜட்ஜுங்க சேந்து மனு குடுத்தாங்க. பரிசீலிக்கிறோம்னாங்க. 1908ல சோதனை முறைல பண்றோம்னாங்க, பண்ணல. சுதந்திரம் வந்து, 1973ல புது கிரிமினல் நடைமுறைச் சட்டம் வந்தப்பதான் நாடு முழுக்க ஒரே மாதிரி பிரிஞ்சுது.

கேள்வி: ஜாலியன்வாலா பாக்குக்கும் விசாரணை கமிஷன் போட்டாங்களே, அதுல என்ன ஆச்சு? – வாசகி, கொருக்குப்பேட்டை

சுருக்கமா சொல்றேன். 1919 ஏப்ரல் 13 படுகொலை, சர்க்கார் கணக்குல 379 பேர் செத்தாங்க. ஹண்டர் கமிட்டி அக்டோபர்ல போட்டாங்க, ஆனா அது உக்காந்து சாட்சி விசாரிக்குறதுக்கு முன்னாடியே, செப்டம்பர்லயே, ராணுவச் சட்ட நேரத்துல அதிகாரிங்க பண்ணதுக்கு பாதுகாப்பு குடுக்குற சட்டத்தை கொண்டு வந்துட்டாங்க. மொதல்ல மன்னிப்பு, அப்புறம் விசாரணை. கமிட்டில இருந்த மூணு இந்தியருங்க தனியா ரிப்போர்ட் எழுதுனாங்க. சுட உத்தரவு போட்ட ஜெனரல் டயரை வேலையை விட்டு அனுப்புனாங்க, இங்கிலாந்துல பிரபுக்கள் சபை அவருக்கு ஆதரவா ஓட்டு போட்டுச்சு, ஒரு பேப்பர் அவருக்காக 26,000 பவுண்டு வசூல் பண்ணிக் குடுத்துச்சு. நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்ல ஜட்ஜா இருந்த சர் சி. சங்கரன் நாயர் அப்ப வைஸ்ராய் கவுன்சில்ல இருந்தாரு, பஞ்சாப்ல நடந்ததுக்காக பதவிய தூக்கி எறிஞ்சுட்டு வெளில வந்தாரு. அதுக்கப்புறம் பஞ்சாப் கவர்னரா இருந்த ஓட்வயரை புஸ்தகத்துல விமர்சிச்சதுக்காக லண்டன்ல அவதூறு கேஸ் போட்டாங்க, 1924ல சங்கரன் நாயர் தோத்தாரு. மன்னிப்பு கேக்குறியா, நஷ்ட ஈடு கட்டுறியான்னா கட்டுறேன்னு கட்டுனாரு.

கேள்வி: ரேகைச் சட்டத்துல எங்க தாத்தா தெனம் ராத்திரி ஸ்டேஷன்ல போய் படுத்திருக்காரு. ஊரை விட்டு நாங்க திருவொற்றியூருக்கு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். இந்தச் சட்டத்தை எதிர்த்தப்ப வெள்ளக்காரன் என்ன சொன்னான்? – வாசகர், திருவொற்றியூர்

ஐயா, உங்க கடுதாசிய படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத ஓடல.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ல வடக்க வந்துச்சு, 1911லதான் மெட்ராஸ் மாகாணத்துக்கு நீட்டுனாங்க. ஒரு குத்தமும் பண்ணாதவனும் சர்க்கார் பட்டியல்ல சேத்த சாதில பொறந்ததாலயே ரேகை வைக்கணும், ராத்திரி ஸ்டேஷன்ல ஆஜர் குடுக்கணும், ஊர் மாறணும்னா சீட்டு வாங்கணும். கேஸ் போட்டு, சாட்சி விசாரிச்சு, அப்புறம் தண்டனைன்னு தாங்களே எழுதுன சட்டத்தை இவங்க விஷயத்துல தாங்களே தூக்கிப் போட்டுட்டாங்க. எதிர்ப்பு வந்தப்ப அவங்க சொன்னது, இது தண்டனை இல்ல, சீர்திருத்தம், இவங்களை விவசாயத்துல கொண்டு வந்து உக்கார வைக்கத்தான்னு. 1920 ஏப்ரல் 3ம் தேதி உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன ஜனங்க மேல சுட்டாங்க, மாயக்காள்னு ஒரு பெண்ணையும் சேத்து 16 பேர் செத்தாங்க. மதுரைல வக்கீலா இருந்த ஜார்ஜ் ஜோசப் இவங்களுக்காக கோர்ட்லயும் வெளிலயும் நின்னாரு, அவரை இன்னைக்கும் ரோசாப்பூ துரைன்னு நெஞ்சுல வெச்சிருக்காங்க.

மெட்ராஸ் மாகாணத்துல 1947ல சட்டம் போச்சு, நாடு முழுக்க 1952ல. ஆனா 1948லயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம்னு இன்னொண்ணை நம்ம மாகாணத்துல கொண்டு வந்துட்டாங்க, ஆஜர் குடுக்குற பழக்கம் பேர் மாறி நீடிச்சுது. உங்க தாத்தா சொன்னதை உங்க பசங்களுக்கு எழுதி வைங்க ஐயா, தேதி, ஸ்டேஷன் பேரு, என்ன ஞாபகம் இருக்கோ எல்லாம். சர்க்கார் ஃபைல்ல அவங்க பக்கத்துப் பேச்சு மட்டும்தான் இருக்கு.

கேள்வி: அதே வெள்ளக்காரன் சட்டம் இன்னும் எதாச்சும் மிச்சம் இருக்கா சார்? – வாசகர், மூலக்கொத்தளம்

இருக்கு. கூட்டம், ஊர்வலத்துக்கு அனுமதி இல்லன்னு சொல்லும்போது போலீஸ் காட்டுற 41ம் பிரிவு, 1888ல போட்ட மெட்ராஸ் சிட்டி போலீஸ் சட்டத்துல இருக்கறது. இன்னைக்கு அதுக்கு சென்னை நகர போலீஸ் சட்டம்னு பேரு.

கேள்வி: என் பையனை விசாரணைன்னு கூட்டிட்டுப் போய் அடிச்சு அனுப்பிட்டாங்க. மேல அதிகாரிக்கு மனு போட்டேன், அந்த மனு சுத்தி வந்து அதே ஸ்டேஷனுக்கே வந்துருச்சு, "இன்னாமா மேல போய் எழுதிக் குடுக்குறியா"ன்னு என்னையே கூப்பிட்டு கேக்குறாங்க. நான் என்ன பண்றது? – வாசகி, தண்டையார்பேட்டை

அக்கா, 1854ல அந்தக் குடியானவர் சொன்னதும் நீங்க சொல்றதும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா வயிறு எரியுது. ஆனா அவருக்கு இல்லாத சில வழி உங்களுக்கு இருக்கு, அதை மட்டும் தெளிவா சொல்றேன்.

பையனை இன்னைக்கே ஸ்டான்லியோ வேற கவர்மெண்ட் ஆஸ்பத்திரியோ கூட்டிட்டுப் போங்க, எப்படி அடிபட்டுச்சுன்னு டாக்டர் கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லச் சொல்லுங்க, கீழ விழுந்துட்டேன்னு மட்டும் சொல்ல விடாதீங்க. காயம் எழுதுன சீட்டு, போட்டோ எல்லாம் பத்திரமா வைங்க. மனித உரிமை ஆணையம் கிரீன்வேஸ் ரோடு பக்கத்துல இருக்கு, வெள்ளைத் தாள்ல தமிழ்லயே எழுதிக் குடுத்தா போதும், பீஸ் கிடையாது, வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்ல. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள குடுத்துடணும், அதுக்கு அப்புறம் எடுக்க மாட்டாங்க. போலீஸ் மேல கேஸ் பதிவு பண்ணலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல நேரா மனு போட்டு விசாரணைக்கு உத்தரவு கேக்கலாம், அதுக்கு வக்கீல் இருந்தா நல்லது. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காமயே இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987ம் வருஷத்து சட்டம் சொல்லுது, ஹைகோர்ட்டு வளாகத்துல சட்ட உதவி ஆபீஸ் இருக்கு, 15100க்கு போன் பண்ணாலும் சொல்லுவாங்க.

மறுபடியும் பையனை கூப்பிட்டா எழுத்துல சம்மன் கேளுங்க, கூட நீங்களோ ஒரு வக்கீலோ போங்க. கைது பண்ணா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், அங்க "அடிச்சாங்களா"ன்னு கேட்டா பயப்படாம அடிச்ச இடத்தை காட்டச் சொல்லுங்க, அது ரெக்கார்டுல ஏறும். இனிமே எங்க மனு குடுத்தாலும் ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல சீலும் தேதியும் போட்டு வாங்கிட்டு வாங்க, தபால்னா ரிஜிஸ்டர் தபால் ரசீதை தொலைச்சுடாதீங்க. உங்க போன் நம்பரை நம்ம ஆபீசுக்கு தனியா எழுதி அனுப்புங்க, இந்த மாதிரி கேஸ் எடுக்குற ஜார்ஜ் டவுன் வக்கீல் ஒருத்தர்கிட்ட இப்பவே பேசிட்டேன், அவரே உங்களை கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காரு.